8 ஜிபி ரேம் லேப்டாப்பில் 16 ஜிபி ஸ்டிக் போட்டால் போட்டோஷாப் வேகமாகுமா, இல்லை காசு தண்டமா?

ஆல்பம்_தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டியில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறேன். 2018இல் வாங்கிய லேப்டாப், ஐ5-8250யு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 11. ரேமில் 4 ஜிபி போர்டிலேயே ஒட்டியிருக்கிறது, மீதி 4 ஒரே ஒரு ஸ்லாட்டில். வாங்கின புதிதில் நன்றாகத்தான் ஓடியது. இப்போது ஒரு 12க்கு 36 இஞ்ச் ஆல்பம் ஷீட்டைத் திறந்து நாலு போட்டோவை இழுத்துப் போட்டு மாஸ்க் பண்ண ஆரம்பித்தால் கர்சர் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது, நான் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

கார்த்திகைக் கல்யாணத்தில் மட்டும் ஏழு ஆல்பம் பாக்கி. மார்கழியில் முகூர்த்தம் இல்லை, தை பிறந்துவிட்டால் மூச்சு விட நேரம் இருக்காது, அதற்குள் இந்த மிஷினை ஏதாவது பண்ணியாக வேண்டும். கடையில் கேட்டால் 4ஐக் கழற்றிவிட்டு 16 போடுங்க, ராக்கெட்டாகப் போகும் என்கிறார்கள். கம்பெனி வெப்சைட்டில் இந்த மாடலுக்கு அதிகபட்சம் 12 ஜிபி என்று இருக்கிறது. புதிதாக வாங்க இப்போதைக்கு வழியில்லை. என்ன பண்ணலாம்?

பைட்_பாண்டி:
ப்ரோ யோசிக்கவே வேண்டாம், ரேம் ஏற்றினால் வேகம் ஏறும், அவ்வளவுதான். அதுவரைக்கும், ரேம் போதாதப்ப விண்டோஸ் டிஸ்கில் எழுதி வைக்கிற பேஜ் ஃபைலை ஆஃப் பண்ணிடுங்க, விண்டோஸ் வேறு வழியில்லாமல் ரேமை மட்டும்தான் பயன்படுத்தும். அப்புறம் ரேம் கிளீனர் ஒன்று போட்டு அரை மணிக்கு ஒரு தடவை காலி பண்ணுங்க. நான் நாலு வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன்.

திருப்புளி:
தம்பி, பாண்டி சொன்னதில் இரண்டாவதும் மூன்றாவதும் வேண்டவே வேண்டாம். 8 ஜிபி மிஷினில் பேஜ் ஃபைலை நிறுத்தினால் ரேம் கூடிவிடாது. விண்டோஸ் புரோகிராம்களுக்குத் தருவதாக ஒத்துக்கொள்ளும் மொத்த நினைவகத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது, ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்ததுதான் அது. ஃபைலை எடுத்துவிட்டால் வரம்பு இறங்கும், போட்டோஷாப் பாதி வேலையில் நினைவகம் போதவில்லை என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். சேவ் பண்ணாத ஆல்பம் போச்சு.

கிளீனர் கதை இன்னும் மோசம். விண்டோஸ் சும்மா கிடக்கும் ரேமில் ஏற்கெனவே படித்த ஃபைல்களை வைத்துக்கொள்ளும், யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். அதைப் போய்க் காலி பண்ணினால் அதே ஃபைலை மறுபடியும் டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டும். ரேம் காலியாக இருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை, வீட்டில் வாங்கி வைத்த அரிசியை வாசலில் கொட்டிவிட்டுப் பானை காலியாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிற மாதிரி.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். ரேம் போட்டால் வேகமாகுமா என்றால், ரேம் போதாமல்தான் மெதுவாகிறது என்றால் ஆகும். வேறு காரணம் என்றால் ஒரு இம்மி கூட ஆகாது. எது என்று தெரியாமல் காசைப் போடாதீர்கள். இன்று வேலை பார்க்கும்போது மூன்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் கமிட்டெட் என்று இரண்டு எண் சாய்கோடு போட்டு இருக்கும், அது எவ்வளவு. ரிசோர்ஸ் மானிட்டரில் ஹார்ட் ஃபால்ட், அதாவது தேடியது ரேமில் இல்லாமல் டிஸ்குக்குப் போன தடவை, நொடிக்கு எத்தனை. போட்டோஷாப்பில் கீழே இடது மூலையில் டாக்குமெண்ட் சைஸ் காட்டுகிற இடத்தில் அம்புக்குறியை அழுத்தினால் எஃபிஷியன்சி என்று ஒன்று வரும், அது எத்தனை சதவீதம்.

மீனாட்சி_கோட்:
எஃபிஷியன்சியைப் பார்க்கச் சொன்னது சரியான யோசனை. அது 100இல் நின்றால் போட்டோஷாப் முழுக்க ரேமிலேயே வேலை செய்கிறது, 100க்குக் கீழே இறங்கினால் ஸ்கிராட்ச் டிஸ்குக்கு, அதாவது ரேம் போதாதபோது தற்காலிகமாக எழுதி வைக்கும் டிஸ்க் இடத்துக்கு, போய் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் வேலைக்கு எவ்வளவு ரேம் வேண்டும் என்பதை ஓரளவு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 12க்கு 36 இஞ்ச், 300 டிபிஐ என்றால் 3600 பெருக்கல் 10800, அதாவது 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல். 8 பிட் ஆர்ஜிபியில் பிக்சலுக்கு 3 பைட். போட்டோஷாப் கீழே 111.2 எம் என்று காட்டும், பார்த்திருப்பீர்கள். அது ஒரே ஒரு தட்டையான லேயருக்கு. மேலே ஷீட் முழுக்கப் பரவின பேக்கிரவுண்டு, அதன் மேல் டெக்ஸ்ச்சர், அதன் மேல் மணமக்கள் பெரிய படம் என்று ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொன்றுக்கும் நூறு நூறாக ஏறும். 24 மெகாபிக்சல் கேமரா படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்தால், ஷீட்டில் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியிருந்தாலும் அசல் 6000க்கு 4000 உள்ளே அப்படியே இருக்கும். 16 பிட்டில் வேலை செய்தால் எல்லாம் இரண்டு மடங்கு.

இதற்கு மேல் ஹிஸ்டரி. பிரஷ்ஷால் ஒரு ஓரத்தைத் தொட்டால் மாறின பகுதியை மட்டும்தான் தனியாக எடுத்து வைக்கும், ஆனால் ஷீட் முழுக்க ஒரு ஃபில்டர் போட்டால் பழைய ஷீட் முழுதும் பின்னால் நிற்கும். 50 படி ஹிஸ்டரி வைத்திருக்கிறீர்களா பாருங்கள், 20 போதும்.

இப்போது உங்கள் 8 ஜிபியை எடுத்துக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, அதுவும் இதிலிருந்துதான் எடுக்கும். விண்டோஸ், பிரவுசர், வாட்ஸ்அப் போக மிச்சத்தில் 70 சதவீதத்தைத்தான் போட்டோஷாப் தானாக எடுத்துக்கொள்ளும். எனக்கென்னவோ 4 ஜிபி கூடத் தேறாது என்று தோன்றுகிறது.

ஆல்பம்_தம்பி:
பார்த்துவிட்டு வந்தேன். ஷீட் திறந்து பத்து போட்டோ போட்ட பிறகு கமிட்டெட் 14.1/16.3. ஹார்ட் ஃபால்ட் சில நேரம் நூறு, சில நேரம் ஆயிரத்தைத் தாண்டுகிறது. எஃபிஷியன்சி 61, லிக்விஃபை (உருவத்தை இழுத்துச் சரிசெய்கிற ஃபில்டர்) பண்ணும்போது 38 வரைக்கும் இறங்கியது. டிஸ்க் 100 சதவீதத்தில் செவப்பா நிற்கிறது.

ஸ்கிராட்ச் டிஸ்க் சி டிரைவில் இருந்தால் மெதுவாகும் என்று எங்கோ படித்து டி டிரைவுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அதனால் அதில் பிரச்சினை இருக்காது.

திருப்புளி:
டி டிரைவ் என்பது தனி டிஸ்கா?

ஆல்பம்_தம்பி:
இல்லை, அதே டிஸ்க்தான், 1 டிபியை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

திருப்புளி:
ஒரே வீட்டில் நடுவில் சுவர் எழுப்பி இரண்டு போர்ஷன் ஆக்கினால் வீடு இரண்டாகாது. உள்ளே படிக்கிற ஊசி ஒன்றுதான். விண்டோஸ் சியில் பேஜ் ஃபைலைத் தேடும், போட்டோஷாப் டியில் ஸ்கிராட்சைத் தேடும், அந்த ஊசி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். பிரிக்காமல் இருந்திருந்தாலாவது பக்கத்தில் இருந்திருக்கும்.

மிஷினைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், கிர்க் கிர்க் என்று கேட்கும். உங்களை டீ குடிக்க அனுப்புவது அந்தச் சத்தம்தான்.

மீனாட்சி_கோட்:
அந்தக் கிர்க்கின் விலை என்ன என்று பார்த்தால், லேப்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்டு. தேவையான இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, ஊசி நகர்ந்து போக அதற்கு மேலே ஒரு பத்து, எல்லாம் சேர்த்து 15 மில்லிசெகண்டு என்று வையுங்கள். ரேமில் அதே வேலை 100 நானோசெகண்டு. ஒன்றரை லட்சம் மடங்கு. ரேம் ஒரு நொடியில் எடுத்துத் தருவதை டிஸ்க் ஒன்றே முக்கால் நாள் கழித்துக் கொண்டுவந்து தருகிற மாதிரி. உங்கள் எண்களைப் பார்த்தால் ரேம் பற்றாக்குறை உண்மை, சந்தேகமே இல்லை. ஆனால் வலி இவ்வளவு இருப்பதற்குக் காரணம் பற்றாக்குறைக்கு ஈடு கொடுக்க வேண்டிய இடத்தில் ஹார்டு டிஸ்க் இருப்பது.

945_தாத்தா:
12 ஜிபி வரம்பு என்று கேட்டதால் சொல்கிறேன். 2007இல் இன்டெல் 945 சிப்செட் (பிராசஸரையும் ரேமையும் இணைக்கிற சிப்) போட்ட லேப்டாப் ஒன்று வைத்திருந்தேன். 2ம் 2ம் நாலு ஜிபி போட்டால் 3க்குக் கொஞ்சம் மேலேதான் காட்டியது. 32 பிட் விண்டோஸ்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், 64 பிட் போட்டேன், அப்போதும் அதே. கடைசியில்தான் விளங்கியது, அந்த சிப்செட்டுக்கே 4 ஜிபிக்கு மேல் விலாசம் எழுதத் தெரியாது. அந்த நாலுக்குள் கிராஃபிக்ஸ், நெட்வொர்க் கார்டு எல்லாவற்றுக்கும் மேல்பகுதியில் இடம் ஒதுக்கியாக வேண்டும், அவ்வளவு ரேம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஸ்டிக்கில் இருக்கிறது, ஆனால் கதவு எண் இல்லாத வீடு.

ஆகவே வரம்பு என்று ஒன்று இல்லை, மூன்று நான்கு உண்டு. பிராசஸர் அல்லது சிப்செட்டின் வரம்பு, போர்டும் பயாஸும் (மிஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற மென்பொருள்) ஒத்துக்கொள்வது, விண்டோஸ் விடுவது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் 2 ஜிபிக்கு மேல் விடமாட்டான், ஹோம் பேசிக் 64 பிட்டில் 8. இப்போதைய விண்டோஸ் ஹோமில் 128 வரைக்கும் போகலாம், உங்களுக்கு அது கவலை இல்லை.

திருப்புளி:
தாத்தா சொன்னது சரி. 8250யுவுக்கு இன்டெல் கொடுத்திருக்கும் வரம்பு 32 ஜிபி, இரண்டு சேனல் (ரேமுக்குப் போகிற இரண்டு பாதை), டிடிஆர்4 வகை ரேம் என்றால் வேகம் 2400. கம்பெனிக்காரன் 12 என்று போட்டது அவன் அந்த மாடலை விற்றபோது 4ம் 8ம் போட்டுச் சோதித்ததால். இந்தத் தலைமுறை மிஷின்களில் 4 ஒட்டியதோடு 16 போட்டு ஓட்டியவர்கள் என் கடைக்கே நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். ஆனால் வாங்கும்போதே எடுக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பேன் என்று பேசிக்கொள்ளுங்கள். பயாஸ் பழையது என்றால் முதலில் அதை அப்டேட் பண்ணுங்கள், சார்ஜர் சொருகியபடி.

வாங்க வேண்டியது டிடிஆர்4 எஸ்ஓ-டிம் (லேப்டாப் ஸ்டிக்), 260 பின், 1.2 வோல்ட். டிடிஆர்3எல் 204 பின், டிடிஆர்5 262 பின். எல்லாவற்றிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். அழுத்தி ஸ்லாட்டை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

பைட்_பாண்டி:
சரி சரி, பேஜ் ஃபைல் விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கணும். 4ம் 16ம் என்றால் சமம் இல்லையே, டூயல் சேனல் போயிடுமே? 4ம் 8ம் போடுறதுதானே உத்தமம்? அப்புறம் கடையில் இப்போ 3200தான் கிடைக்கும், இது 2400 மிஷின். 3200ஐ 2400இல் ஓட்டினால் லேட்டன்சி, அதாவது தாமதம், கூடுமாம், யூடியூபில் பார்த்தேன்.

மீனாட்சி_கோட்:
டூயல் சேனல் போகாது. சின்ன ஸ்டிக் எவ்வளவோ அவ்வளவுக்கு இரண்டு பக்கமும் ஜோடி சேர்ந்து ஓடும், மிச்சம் மட்டும் ஒற்றையாக. இன்டெல் இதற்கு ஃப்ளெக்ஸ் மோடு என்று பெயர் வைத்திருக்கிறது. 4ம் 8ம் போட்டால் முதல் 8 ஜோடி, பின்னால் 4 ஒற்றை. 4ம் 16ம் போட்டால் முதல் 8 ஜோடி, பின்னால் 12 ஒற்றை. ஜோடியாக ஓடுகிற அளவு இரண்டிலும் ஒன்றுதான், ஆக 16 போடுவதால் எதையும் இழக்கவில்லை. ஒற்றைச் சேனல் 2400 என்பதே நொடிக்கு 19.2 ஜிபி, ஜோடி என்றால் 38.4. ஹார்டு டிஸ்க் நல்லபடியாக வரிசையாகப் படித்தாலே 100 எம்பிதான். ஒற்றைச் சேனலில் ஓடுகிற ரேம் கூட அதைவிடக் கிட்டத்தட்ட 200 மடங்கு. கேம் ஆடுகிறவர்கள் ஜோடியைப் பற்றிக் கவலைப்படலாம், உள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ் முழுக்க ரேமின் அகலத்தை நம்பித்தான் இருக்கிறது, அங்கே வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

3200 விஷயத்தில் யூடியூப் பாதி சொல்லியிருக்கும். ஸ்டிக்கில் சின்னதாக ஒரு சிப் இருக்கிறது, எந்த வேகத்தில் ஓடினால் எத்தனை கிளாக் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கும். அந்தக் காத்திருப்பு எண்தான் சிஎல், கிளாக் என்பது வேக எண்ணில் பாதி. 3200இல் சிஎல் 22 என்றால் 22ஐ 1600ஆல் வகுத்தால் 13.75 நானோசெகண்டு. 2400இல் சிஎல் 17 என்றால் 17ஐ 1200ஆல் வகுத்தால் 14.17. சிஎல் எண் பெரியது என்பதால் தாமதம் பெரியது என்று ஆகிவிடாது. தைரியமாக 3200 வாங்குங்கள், அது தானே இறங்கி 2400இல் ஓடும். அதிக வேகம் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

யாழ்_வாசன்:
இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என்னுடையது மெல்லிய லேப்டாப், 8 ஜிபி, திறந்து பார்த்தால் ஸ்லாட்டே இல்லை. இதற்கு ஒன்றும் செய்யேலாதோ?

திருப்புளி:
எல்பிடிடிஆர், அதாவது போர்டிலேயே ஒட்டுகிற குறைந்த மின்சார வகை ரேம் என்றால் செய்ய முடியாது ஐயா. சிப்பைக் கழற்றிப் பெரிய சிப் ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், நான் யாருக்கும் சிபாரிசு பண்ணுவதில்லை, போர்டே போய்விடலாம். 2008 மேக்புக் ஏரிலேயே ரேமை ஒட்டித்தான் விற்றார்கள், இப்போது பாதி லேப்டாப் இப்படித்தான் வருகிறது. எல்பிகேம்2 என்று கழற்றி மாட்டுகிற வகை ஒன்று வந்திருக்கிறது, 2024 திங்க்பேட் பி1இல் பார்த்தேன், நம் கடைத்தெருவுக்கு வந்து சேர நாளாகும். உங்களுக்கு எஸ்எஸ்டி (சுற்றுகிற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஏற்கெனவே இருக்கும், பிரவுசர் டேப்களைக் குறைத்துக்கொண்டு ஓட்டுங்கள். அடுத்த தடவை வாங்கும்போது ஸ்லாட் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், இல்லையென்றால் 16 போட்டதாகவே வாங்குங்கள்.

ஆல்பம்_தம்பி:
வாங்கிவிட்டேன், 16 ஜிபி 3200. விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. ஸ்டூடியோ நண்பர் போன வருஷம் இதே ஸ்டிக் வாங்கின விலையைச் சொன்னேன், கடைக்காரர் சிரித்துவிட்டார், டேட்டா சென்டர்காரன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறான் சார் என்றார்.

திறக்கவே ஒரு மணி நேரம். பத்து ஸ்க்ரூ கழற்றியும் மூடி வரவில்லை, பதினொன்றாவது பின்னால் இருக்கிற ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. நல்லவேளை நெம்பவில்லை. பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, பழையதைக் கழற்றி, புதியதைப் போட்டு ஆன் பண்ணினால் ஸ்கிரீன் கறுப்பு. கேப்ஸ்லாக் லைட் மட்டும் மின்னுகிறது. வயிற்றைக் கலக்குகிறது. என்ன பண்ண?

திருப்புளி:
பயப்படாதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக உள்ளே போகவில்லை. பவரை எடுத்து, பேட்டரியை மறுபடி கழற்றுங்கள். ஸ்டிக்கைச் சாய்வாக, 30 டிகிரி அளவுக்குப் பிடித்து உள்ளே தள்ளுங்கள், தங்க நிறப் பல் வெளியே ஒரு நூல் அளவு கூடத் தெரியக் கூடாது. அப்புறம்தான் கீழே அழுத்த வேண்டும், இரண்டு பக்கமும் கொக்கி டக் என்று விழும். பலர் முதல் தள்ளலைப் பாதியிலேயே விட்டுவிட்டு அழுத்திவிடுகிறார்கள், கொக்கி விழுந்துவிடும், பல் தொடாது.

ஆல்பம்_தம்பி:
அண்ணே வந்துருச்சு!!! 20 ஜிபி காட்டுது! 2400இல்தான் ஓடுது, நீங்க சொன்ன மாதிரியே. பத்து போட்டோ போட்ட ஷீட்டில் எஃபிஷியன்சி 100. லிக்விஃபையிலும் 100. மாஸ்க் போட்டால் பிரஷ் கையோடு வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

(இரண்டு நாள் கழித்து)

ஆல்பம்_தம்பி:
திரும்பவும் நான்தான். ஒரு வினோதம். நேற்று ராத்திரி முடித்த ஆல்பத்தை ஜேபெக்காக எக்ஸ்போர்ட் பண்ணி லேபுக்கு அனுப்பப் போனேன். ஒன்பதாவது ஷீட்டில் பொண்ணோட அரக்குப் பட்டுப் புடவை மேல், இடுப்புக்குச் சற்றுக் கீழே, தலைமுடி அளவு பச்சைக் கோடு ஒன்று குறுக்கே ஓடுகிறது. அசல் போட்டோஷாப் ஃபைலான பிஎஸ்டியில் இல்லை. மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணினால் அந்த ஷீட் சரி, ஆனால் பதினாலாவதில் மாப்பிள்ளை நெற்றியில் சின்னச் சின்னக் கட்டமாக. ஹேங் ஆகவில்லை, நீலத்திரை வரவில்லை, மற்ற எல்லாம் நன்றாக ஓடுகிறது. போட்டோஷாப்பை அழித்துத் திரும்பப் போட வேண்டுமா?

மீனாட்சி_கோட்:
போட்டோஷாப்பைத் தொடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் கெடுகிறது என்றால் ரேம் மேல்தான் சந்தேகம் வரும். மெம்டெஸ்ட்86+ஐ பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் பண்ணி ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். அதுவரை பழைய ஃபைல்கள் மேல் சேவ் பண்ணாதீர்கள், அது ரொம்ப முக்கியம். படத்தில் கோடு விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, பிஎஸ்டிக்குள் விழுந்தால் ஒரு நாள் திறக்கும்போதுதான் தெரியும்.

ஆல்பம்_தம்பி:
இரண்டாவது சுற்றிலேயே சிவப்பு வரி. மொத்தம் 23 தப்பு, எல்லாமே 9 ஜிபி தாண்டின விலாசத்தில். ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு ஒட்டின 4 ஜிபியை மட்டும் சோதித்தேன், சுத்தம்.

945_தாத்தா:
கெட்டது மொத்த ரேமில் கொஞ்சம் இடம்தான், அதனால்தான் மற்ற வேலையில் ஒன்றும் தெரியவில்லை. ரேமை நிறைய நிரப்புகிற எக்ஸ்போர்ட் மாதிரிப் பெரிய வேலைதான் அந்த இடத்தைத் தொட வாய்ப்பு அதிகம்.

ஆல்பம்_தம்பி:
கடையில் மாற்றித் தர முதலில் மனசு வரவில்லை. விண்டோஸ் வருதுல்ல, 20 காட்டுதுல்ல, அப்புறம் என்ன என்கிறார். மெம்டெஸ்ட் திரையைப் போனில் எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டினேன், அவருக்கு அது புரியவில்லை. பச்சைக் கோடு விழுந்த புடவையைக் காட்டினேன், உடனே புரிந்தது, வேறு ஸ்டிக் கொடுத்துவிட்டார். அதை ராத்திரி முழுக்க ஓட்டினேன், நாலு சுற்று, ஒரு தப்பும் இல்லை.

சரி, இப்போது அடுத்த கேள்வி. ஷீட்டுக்குள் வேலை செய்வது வெண்ணெய். ஆனால் திறக்கவும் சேவ் பண்ணவும் முன்பு எடுத்த நேரம்தான், 1.2 ஜிபி பிஎஸ்டி சேவ் ஆக 70 நொடி. ரேமில் பத்து ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. போட்டோஷாப் மெமரி ஸ்லைடரை 90க்கு ஏற்றினால் குறையுமா?

மீனாட்சி_கோட்:
குறையாது. எஃபிஷியன்சி 100 வந்த பிறகு ரேம் உங்களுக்குத் தர வேண்டியதைத் தந்து முடித்துவிட்டது. இன்னும் 32 போட்டாலும் அந்த 70 நொடி 70ஆகவே நிற்கும். ஸ்லைடர் 70லேயே இருக்கட்டும், விண்டோஸுக்கும் மூச்சு வேண்டும்.

சேவ் பண்ணும்போது டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். 1.2 ஜிபியை எழுத உங்கள் டிஸ்குக்கு 12, 15 நொடி போதும். மீதி நேரம் எங்கே போகிறது? சிபியு 12, 13 சதவீதத்தில் ஆடாமல் நின்றால், அது சும்மா இருக்கிறது என்று நினைக்காதீர்கள். உங்கள் சிபியுவில் எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை), எட்டில் ஒன்று முழுசாக ஓடினால் 12.5 சதவீதம். ஃபைலைச் சுருக்குகிற வேலையை ஒரே ஒரு திரெட் இழுத்துக்கொண்டிருக்கும். செட்டிங்கில் ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில் பிஎஸ்டி கம்ப்ரெஷனை நிறுத்துகிற ஒரு பெட்டி இருக்கும், டிக் பண்ணிப் பாருங்கள். ஃபைல் பெரிசாகும், சேவ் சீக்கிரம் முடியும்.

ஆல்பம்_தம்பி:
அக்கா நீங்க சொன்ன மாதிரியே 13இல்தான் நிற்கிறது. டிக் பண்ணினேன். சேவ் 31 நொடி, ஃபைல் பெரிசாகிவிட்டது. இப்போது டிஸ்க் 100இல் நிற்கிறது.

திருப்புளி:
இனிமேல் எஸ்எஸ்டிதான். உங்கள் மிஷினில் டிவிடி டிரைவ் இருந்தால் அதைக் கழற்றி, அந்த இடத்தில் கேடி (டிஸ்கை மாட்டுகிற சட்டம்) போட்டு பழைய ஹார்டு டிஸ்கை மாட்டுங்கள், ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி. விண்டோஸ், போட்டோஷாப், ஸ்கிராட்ச், ஓடுகிற ஆல்பம் எல்லாம் எஸ்எஸ்டியில், முடிந்த ஆல்பம் பழைய டிஸ்கில். கேடி 9.5 மில்லிமீட்டரா 12.7ஆ என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

நேர்மையாகச் சொன்னால், இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்று முதல் நாளே கேட்டிருந்தால் எஸ்எஸ்டியைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

மீனாட்சி_கோட்:
அதில் எனக்கு உடன்பாடு இல்லை அண்ணே. எஃபிஷியன்சி 38 ஆகிற மிஷினில் எஸ்எஸ்டி மட்டும் போட்டால் வட்டம் சுற்றுவது குறையும், நிற்காது. சாட்டாவில் நொடிக்கு 500 சொச்சம் எம்பி, ரேம் ஒற்றைச் சேனலே 19 ஜிபி. தவிர நாள் பூராவும் ஸ்கிராட்சாக எழுதி எழுதி எஸ்எஸ்டி ஆயுளும் தேயும். இவர் வேலைக்கு ரேம்தான் முதல். டேலியும் பிரவுசரும் ஓட்டுகிறவருக்கு நீங்கள் சொன்னது சரி.

திருப்புளி:
என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் டேலிக்காரர்கள், அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். ஆல்பத்துக்கு நீங்கள் சொன்னதுதான்.

(ஐந்து நாள் கழித்து)

ஆல்பம்_தம்பி:
480 ஜிபி எஸ்எஸ்டி போட்டாச்சு. சேவ் 8 நொடி. மிஷின் ஆன் ஆகி டெஸ்க்டாப் வர ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்.

ஒன்றே ஒன்று பாக்கி. 40 ஷீட்டை மொத்தமாக எக்ஸ்போர்ட் போட்டால் முதல் பத்து ஷீட் சரசரவென்று போகிறது, அப்புறம் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு நேரம். ரேம் பாதிதான் நிறைந்திருக்கிறது, டிஸ்க் சும்மா இருக்கிறது. சிபியு வேகம் 3.2இல் ஆரம்பித்து 1.3க்கு வந்து நிற்கிறது. ஃபேன் ஊளையிடுகிறது.

திருப்புளி:
சூடு. அது 15 வாட் சிப், 1.6 அடிப்படை, 3.4 வரைக்கும் கொஞ்ச நேரம் ஓடும், எந்நேரமும் ஓடாது. ஆனால் 1.6க்கும் கீழே போகிறது என்றால் காற்று போகவில்லை. ஏழு வருஷ மிஷின், ஃபேனைக் கழற்றியதுண்டா?

ஆல்பம்_தம்பி:
கழற்றினேன். ஃபேனுக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் கம்பளிப் போர்வை மாதிரி ஒரு துண்டு. அப்படியே உரித்து எடுத்தேன், கிழியவே இல்லை. சிப்பின் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக இருந்தது, அதையும் மாற்றினேன். இப்போது 40 ஷீட்டும் 2.3, 2.4இல் நிற்கிறது.

திருப்புளி:
அவ்வளவுதான் அந்தச் சிப். அதற்கு மேல் வேண்டும் என்றால் வேறு மிஷின்தான்.

பைட்_பாண்டி:
ப்ரோ அந்தப் பழைய 4 ஜிபி ஸ்டிக் என்ன பண்ணப் போறீங்க? நான் எடுத்துக்கிறேன்.

ஆல்பம்_தம்பி:
மச்சானுக்குக் கொடுத்துட்டேன் பாண்டி. அவன் லேப்டாப்பில் ஒரு ஸ்லாட் காலியாம், தானே மாட்டிக்கிறேன்னு காலையில் எடுத்துட்டுப் போனான்.

திருப்புளி:
மச்சான் லேப்டாப் எந்த வருஷம்?

ஆல்பம்_தம்பி:
2014ன்னு நினைக்கிறேன். ஐ3, நாலாவது ஜெனரேஷன்.

திருப்புளி:
அது டிடிஆர்3எல். உடனே போன் போடுங்கள், அழுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆல்பம்_தம்பி:
போட்டேன். கொஞ்சம் டைட்டாத்தான் இருந்துச்சு, போயிருச்சு மாமாங்கிறான்.